ஏழாம் அத்தியாயம்: ரீஏஜன்ட் தொழிற்சாலையில் புதுக் கெமிஸ்ட்

பதுளைப் பெரியாஸ்பத்திரியிலோ பண்டாரவளை டவுனில் ஒரு தனியார் லெப்பிலோ சீனி பார்க்க இரத்தம் கொடுக்கிறவர்களுக்கு, ரிப்போட்டில் வரும் எண் மட்டும்தான் கண்ணில் படும். அந்த எண்ணைச் சொல்வது மெஷின். மெஷினுக்குத் தெரிந்ததோ ஒரு நிறம் எவ்வளவு அடர்த்தியாக இருக்கிறது என்பது மட்டும். இரத்தத்தில் உள்ள குளுக்கோசை அந்த நிறமாக மாற்றிக் கொடுப்பது ஒரு சிறு போத்தல் திரவம். அதைத்தான் லெப்காரர்கள் ரீஏஜன்ட் என்கிறார்கள். அந்தப் போத்தலை எங்கோ ஒருவர் நிறுத்து, கரைத்து, சோதித்து, கையெழுத்து வைத்து அனுப்பியிருக்கிறார். அவர் பெரும்பாலும் இரசாயனவியல் பட்டம் முடித்து ஓரிரண்டு வருடமே ஆன இளைஞராகவோ யுவதியாகவோ இருப்பார்.

போன அத்தியாயத்தில் பார்த்த மருத்துவ ஆய்வுகூடத் தொழில்நுட்பவியலாளர் வேலையோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம். நோயாளியின் இரத்தத்தைச் சோதித்து முடிவு எழுதுகிறவர் அவர். அதற்கு இலங்கை மருத்துவச் சபையில் பதிவு வேண்டும். நாம் இங்கே பேசுவது அவருடைய கைக்குப் போகும் போத்தலைத் தயாரிக்கிறவரைப் பற்றி. கெமிஸ்ட் நோயாளியைப் பார்ப்பதே இல்லை. தோட்டத்தில் "லெப்பில் வேலை" என்று சொன்னால் எல்லாரும் இரத்தம் எடுப்பதாகத்தான் நினைப்பார்கள். விளக்கிக் களைத்துப் போவீர்கள், பரவாயில்லை.

கசப்பான செய்தியையும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். இலங்கையில் பாவிக்கும் நோயறி ரீஏஜன்டுகளில் பெரும்பகுதி இறக்குமதி. இங்கே தயாரிக்கிற இடங்கள் மிகக் குறைவு. ஊவாவில் ஒன்றும் இருப்பதாக நினைத்துத் தேட வேண்டாம். இருந்தும் இந்த வேலையைப் படிப்பதில் நட்டமில்லை. மருந்துத் தொழிற்சாலை, நீர்ப் பரிசோதனை, உணவுப் பரிசோதனை, ரீஏஜன்ட் இறக்குமதிக் கொம்பனி என்று எங்கே போனாலும் இதே ஒழுங்கைத்தான் கேட்பார்கள்.

போத்தலுக்குள் என்ன இருக்கிறது

குளுக்கோஸ் ரீஏஜன்டை எடுத்துக்கொள்வோம். அதிகம் விற்பதும் அதுதான், புதிதாகச் சேர்கிறவருக்கு முதலில் கையில் கொடுப்பதும் அதுதான். அதில் இரண்டு நொதியங்கள் உண்டு. முதலாவதான குளுக்கோஸ் ஒட்சிடேஸ், குளுக்கோசைக் காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்த்து குளுக்கோனிக் அமிலமும் ஐதரசன் பேரொட்சைட்டும் ஆக்கும். இரண்டாவதான பேரொட்சிடேஸ், அந்தப் பேரொட்சைட்டைப் பிடித்து பீனோலையும் 4-அமினோஅன்டிபைரினையும் இணைத்து ஒரு இளஞ்சிவப்புச் சாயத்தை உண்டாக்கும். சாயத்தை 505 நனோமீற்றர் அலைநீளத்தில் அளப்பார்கள். 1969இல் டிரிண்டர் என்பவர் வெளியிட்ட முறை இது. உலகம் முழுக்க இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

தெமோதரைப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இது ஒன்றும் புது இரசாயனம் இல்லை. ரோலரில் நசுங்கிய கொழுந்து சிவந்து போவதும் ஒரு ஒட்சிடேஸ் நொதியத்தின் வேலைதான். இலைக்குள் இருக்கும் பொலிபீனோலை அது காற்றோடு சேர்த்துச் சிவக்க வைக்கிறது. சரியான நேரத்தில் டிரையரில் போட்டுச் சூட்டால் அந்த நொதியத்தைக் கொல்லாவிட்டால் தேயிலை கெட்டுவிடும். நேரம், சூடு, காற்று மூன்றையும் பிடித்தால்தான் நொதியம் சொன்னபடி கேட்கும் என்பதைத் தேயிலை பெக்டரியில் வேலை செய்த எவரும் பரீட்சைக்குப் படிக்காமலே அறிந்திருப்பார். ஒரு வித்தியாசம் மட்டும் பெரியது. நல்ல டீமேக்கர் மோந்து பார்த்து முடிவெடுப்பார், அவருடைய மூக்குக்குத்தான் சம்பளம். ரீஏஜன்ட் தொழிற்சாலையில் மூக்குக்கு இடமில்லை. அனுபவசாலி ஒருவர் கண்டுபிடித்ததையெல்லாம் எழுதி, அங்கீகரித்து, பைலில் போட்டிருப்பார்கள். அதற்குப் பெயர் எஸ்ஓபி. அதில் "20 நிமிடம் கலக்கவும்" என்றிருந்தால் 20 நிமிடம்தான். 15இலேயே கரைந்துவிட்டது என்று உங்கள் கண்ணுக்குத் தெரிந்தாலும் 20 நிமிடம்தான். கெட்டிக்காரப் பிள்ளைகள் முதல் மாதத்தில் தடுமாறுவது இங்கேதான்.

நொதியத்தை நிறுப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. உப்பைப் போல "இத்தனை கிராம்" என்று அது வராது. அதன் வேலைத்திறன் யூனிட்டில் சொல்லப்படும், சப்ளையரிடமிருந்து வரும் ஒவ்வொரு லொட்டிலும் மாறும். ஒரு லீற்றருக்கு 15,000 யூனிட் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். வந்திருக்கும் லொட் மில்லிகிராமுக்கு 150 யூனிட் என்றால் 100 மில்லிகிராம் போதும். அடுத்த லொட் 120 யூனிட் என்றால் 125 மில்லிகிராம் போட வேண்டும். ஆகவே போன தடவை தயாரித்த பெட்ச்சின் எடையைப் பார்த்து எழுதிவிடக் கூடாது. சப்ளையர் அனுப்பிய பகுப்பாய்வுச் சான்றிதழை எடுத்து, லொட் நம்பர் போத்தலோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்து, ஒவ்வொரு முறையும் புதிதாகக் கணக்குப் போட வேண்டும்.

நொதியத்தைக் கடைசியில்தான் சேர்ப்பார்கள். தாங்கல் கரைசல் செய்து, பிஎச் சரிபார்த்து, அறை வெப்பநிலைக்கு வந்த பிறகு. அமிலமோ காரமோ ஊற்றிப் பிஎச் திருத்தும்போது நொதியம் உள்ளே இருந்தால், துளி விழுந்த இடத்திலேயே அது சிதைந்துவிடும். கலக்கும்போது நுரை எழும்பக் கூடாது. நுரையும் புரதத்தைக் கெடுக்கும். குலுக்குகிற பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள்.

ஒரு கிராமில் வந்த வினை

ரீஏஜன்டோடு நியமக் கரைசல் ஒன்றும் பெட்டியில் போகும். 100 மில்லிலீற்றருக்கு 100 மில்லிகிராம் குளுக்கோஸ் உள்ள கரைசல். லீற்றருக்கு ஒரு கிராம். உயர்தர வகுப்பில் நீங்கள் ஆயிரம் தடவை போட்ட கணக்கு. இதைவிட இலகுவான வேலை தொழிற்சாலையில் இல்லை என்று தோன்றும்.

இப்போது களஞ்சியத்தில் இருக்கும் போத்தலின் லேபலைப் பாருங்கள். நீரற்ற குளுக்கோஸா, ஒரு மூலக்கூறு நீருள்ள மொனோஹைட்ரேட்டா? முதலாவதன் மூலக்கூற்று நிறை 180.16. இரண்டாவது 198.17. இரண்டும் வெள்ளைத் தூள், இரண்டும் ஒரே இராக்கையில் இருக்கும். மொனோஹைட்ரேட் என்றால் ஒரு கிராமுக்குப் பதில் 1.100 கிராம் நிறுக்க வேண்டும். பார்க்காமல் ஒரு கிராமை நிறுத்துவிட்டால் கரைசலில் உண்மையில் இருப்பது 100 அல்ல, 90.9. லேபலில் மட்டும் 100.

இந்தப் பெட்டி ஒரு லெப்புக்குப் போகிறது. அங்கே ஒருவருக்கு வெறும் வயிற்றில் உண்மையான அளவு 115. மெஷின் நம் நியமக் கரைசலோடு ஒப்பிட்டுக் கணக்குப் பண்ணும், ரிப்போட்டில் 126.5 என்று வரும். சீனி வருத்தம் என்று சொல்வதற்கான எல்லை 126. இத்தனைக்கும் அந்த லெப்பில் யாரும் பிழை விடவில்லை, மெஷினும் பழுதில்லை. தோட்டத்து டிஸ்பென்சரியில் அவருக்கு மாத்திரை எழுதத் தொடங்கிவிடுவார்கள்.

இன்னுமொன்று. எடை சரியாக இருந்தும் பிழை வரலாம். குளுக்கோசுக்கு அல்பா, பீற்றா என்று இரண்டு வடிவங்கள். பளிங்காக வாங்கும் குளுக்கோஸ் பெரும்பாலும் அல்பா. குளுக்கோஸ் ஒட்சிடேசுக்குப் பிடித்தது பீற்றா மட்டும். தண்ணீரில் கரைத்து வைத்தால் அல்பா மெல்ல மெல்ல பீற்றாவாக மாறி, ஏறத்தாழ 36க்கு 64 என்ற விகிதத்தில் நிலைபெறும். அதற்குச் சில மணித்தியாலங்கள் வேண்டும். அவசரத்தில் கரைத்தவுடனே வாசித்தால் நியமக் கரைசல் குறைவாகக் காட்டும். அதனோடு ஒப்பிடும் நோயாளியின் எண் கூடிவிடும். சில கொம்பனிகள் இந்த மாற்றத்தை விரைவாக்கும் நொதியத்தையும் ரீஏஜன்டில் சேர்க்கிறார்கள். சேர்த்தாலும் சேர்க்காவிட்டாலும், எஸ்ஓபியில் "இரவு முழுக்க வைக்கவும்" என்று ஒரு வரி இருந்தால் காரணமில்லாமல் யாரும் எழுதவில்லை என்று நம்புங்கள். காரணத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது. தெரிந்துகொள்ளும் வரை வரியை மீறாதீர்கள்.

மலைக்குளிரும் டிரிஸ் கரைசலும்

டிரிஸ் என்ற தாங்கல் கரைசலைப் பல ரீஏஜன்டுகளில் பாவிப்பார்கள். அதன் பிஎச் வெப்பநிலைக்கு ஏற்ப நகரும்: ஒரு பாகை கூடினால் ஏறக்குறைய 0.028 இறங்கும். சின்ன எண்தான். மார்கழி மாதத்து மலைக்காலையில் அறை 18 பாகை என்று வைத்து, பிஎச்சை 8.0க்குத் திருத்துகிறீர்கள். ஆஸ்பத்திரி மெஷின் சோதனையை நடத்துவது 37 பாகையில். அங்கே அதே கரைசல் 7.47 ஆகிவிடும். இன்னொருவர் அதே வேலையை 25 பாகையில் செய்திருந்தால் அவருடையது 7.66. இரண்டு போத்தலிலும் லேபல் ஒன்று, நொதியம் மட்டும் வேறு வேகத்தில் ஓடும்.

பிஎச் மீற்றரில் வெப்பநிலைத் திருத்தம் தானாக நடக்கிறதே என்று ஒருவர் கட்டாயம் கேட்பார். அந்தத் திருத்தம் மின்வாயின் உணர்திறனுக்கு மட்டும். கரைசலே மாறுவதை மீற்றர் திருத்தித் தராது. அதனால்தான் எஸ்ஓபியில் "25 பாகையில்" என்று எழுதியிருப்பார்கள். நீர்த்தொட்டியில் வைத்து 25க்குக் கொண்டுவந்த பிறகே திருத்துங்கள். பொஸ்பேற்றுத் தாங்கல் இந்த அளவுக்குப் படுத்தாது. அதன் நகர்வு இதில் பத்திலொரு பங்குதான்.

மின்வாயைப் பற்றியும் ஒரு வார்த்தை. வேலை முடிந்ததும் கழுவி, பொற்றாசியம் குளோரைட்டுக் கரைசலில் வையுங்கள். காய்ச்சி வடித்த தண்ணீரில் வைப்பது பாடசாலைப் பழக்கம். அது மின்வாயை மெல்லக் கொல்லும்.

உயிருக்கு உலை வைக்கும் நான்கு போத்தல்கள்

ஆபத்துப் பொருள்களின் முழுப் பட்டியலைத் தொழிற்சாலையே தரும். நோயறி ரீஏஜன்ட் வேலையில் கட்டாயம் எதிர்ப்படும் நான்கை மட்டும் இங்கே சொல்கிறேன்.

கிரியற்றினின் சோதனைக்குப் பிக்ரிக் அமிலம் வேண்டும். காரக் கரைசலில் பிக்ரேற்றும் கிரியற்றினினும் சேர்ந்து செம்மஞ்சள் நிறம் தரும் என்று யாஃபே 1886இல் கண்டார். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று பார்க்க இன்றும் இதைத்தான் அதிகம் பாவிக்கிறார்கள். நம் பதுளை மாவட்டத்துக் கிராந்துருக்கோட்டைப் பகுதியில் காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் விவசாயக் குடும்பங்களை வாட்டுவது தெரிந்ததே. அங்கே ஒவ்வொரு கிளினிக் நாளும் இந்த நிறத்தில்தான் ஓடுகிறது. பிக்ரிக் அமிலம் ஈரமாக இருக்கும்வரை சாது. காய்ந்தால் வெடிமருந்து. மூடியைச் சுற்றிப் பளிங்கு படிந்த பழைய போத்தலைக் கண்டால் திறக்க முயலாதீர்கள், நகர்த்தவும் வேண்டாம். அறையை விட்டு வெளியேறிப் பொறுப்பாளரிடம் சொல்லுங்கள்.

ஹீமோகுளோபின் பார்க்கும் டிரப்கின் கரைசலில் பொற்றாசியம் சயனைட்டு இருக்கிறது. ஒரு லீற்றரில் 50 மில்லிகிராம் அளவுதான். ஆனால் அதைத் தயாரிக்கிற நீங்கள் நிறுப்பது தூய சயனைட்டை. அமிலம் பட்டால் நச்சு வாயு கிளம்பும். சயனைட்டு நிறுக்கும் மேசையில் அமிலப் போத்தல் இருக்கவே கூடாது, கழிவுத் தொட்டியும் தனியாக இருக்க வேண்டும். தனியாக இருந்து ஒருபோதும் இந்த வேலையைச் செய்யாதீர்கள். சயனைட்டு இல்லாத முறைகள் வந்துவிட்டதால் பல கொம்பனிகள் இதைக் கைவிட்டிருக்கின்றன. அது நல்லதுதான்.

சோடியம் அசைட்டு, பூஞ்சணம் பிடிக்காமல் இருக்க 0.1 சதவீத அளவில் சேர்ப்பது. செப்பு, ஈயக் குழாய்களில் ஊற்றிவந்தால் உள்ளே வெடிக்கும் உப்பு படியும். என்றோ ஒருநாள் பிளம்பர் வந்து குழாயைத் தட்டும்போது அது வேலையைக் காட்டும்.

நான்காவது, பீனோல். தோலில் பட்டால் வெளுத்து மரத்துப்போகும்; வலிக்காததால் பலர் கவனிக்காமல் விட்டுவிடுகிறார்கள். வலிக்காதபோதுதான் ஓட வேண்டும்.

ரீஏஜன்டைச் சரிபார்க்க மனிதச் சீரத்தில் செய்த, அளவு முன்பே தெரிந்த கொன்ட்ரோல்களும் கைக்கு வரும். எச்ஐவி, ஹெப்படைட்டிஸ் பி, சி இல்லை என்று சோதித்துத்தான் அனுப்புவார்கள். ஆனாலும் தொற்று உள்ளதைப் போலவே நடத்துங்கள். வேலையில் சேர்ந்த கிழமையே ஹெப்படைட்டிஸ் பி தடுப்பூசியைப் பற்றிக் கேளுங்கள்.

கையெழுத்து

நாளின் பாதி நேரம் பேனையோடுதான் போகும். பெட்ச் ரெக்கோட்டில் எந்தத் தராசு, எந்த லொட், எத்தனை மணி, நிறுத்தவர் யார், பார்த்தவர் யார் என்று எல்லாம் எழுத வேண்டும். நிறுக்கும்போதே எழுதுங்கள், உள்ளங்கையில் எழுதிப் பிறகு பிரதி பண்ணுகிற வேலை வேண்டாம். பிழை விட்டால் ஒற்றைக் கோடு போட்டு வெட்டி, பக்கத்தில் சரியானதை எழுதி, முதலெழுத்தும் திகதியும் போடுங்கள். வெள்ளை மை பூசிய ஒரு பக்கத்தைக் கணக்காய்வாளர் கண்டால் அன்றைய நாள் முழுவதும் அந்தப் பக்கத்திலேயே நிற்பார். ஐஎஸ்ஓ 13485 என்ற தரநியமத்தின்படி இயங்கும் தொழிற்சாலைகளில் இதெல்லாம் கட்டாயம்; அதன் இப்போதைய பதிப்பு 2016இல் வந்தது.

பெட்ச் முடிந்ததும் கியூசி என்கிற தரக்கட்டுப்பாட்டு மேசைக்கு வரும். வெறும் ரீஏஜன்டின் உறிஞ்சல் எவ்வளவு, செறிவு கூடக்கூட வாசிப்பு நேர்கோட்டில் கூடுகிறதா, கொன்ட்ரோல் சீரம் எல்லைக்குள் வருகிறதா, போன பெட்ச்சோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். ஒவ்வொரு பெட்ச்சிலும் சில போத்தல்களைக் காலாவதியாகும்வரை ஒதுக்கி வைப்பார்கள். எட்டு மாதம் கழித்து ஒரு ஆஸ்பத்திரியில் இருந்து முறைப்பாடு வரும்போது உங்கள் பக்கத்தில் சாட்சி சொல்லப்போவது அந்தப் போத்தல்கள்தான்.

மாதக் கடைசியில் இப்படி ஒன்று நடக்கும். ஏறத்தாழ எல்லாத் தொழிற்சாலையிலும் நடக்கும்.

"தங்கச்சி, லொறி வாசல்ல நிக்குது. நேத்துப் பெட்ச்சும் இதே மாதிரிதானே வந்துச்சி. ஒரு கையெழுத்துதானே, போட்டு விடுங்க."

"சேர், கொன்ட்ரோல் ரெண்டாவது தடவையும் எல்லைக்கு வெளியதான் நிக்குது. ஹோல்ட் லேபல் ஒட்டிட்டேன். கியூஏ மெனேஜர் வந்து சொல்லட்டும்."

இவ்வளவு போதும். வாதாட வேண்டாம், விளக்கவுரை வேண்டாம், குரலை உயர்த்தவும் வேண்டாம். முடிவைத் தனக்கு மேலே உள்ளவரிடம் விட்டுவிட்டு, எண்ணை மட்டும் விட்டுக்கொடுக்காமல் பிடித்துக்கொள்வது. தயாரிப்புப் பக்கத்து ஆள் கெட்டவர் அல்ல, அவருக்கும் மேலிருந்து நெருக்குதல் இருக்கிறது. அடுத்த நாள் அவரோடு தேத்தண்ணி குடிக்கலாம்.

நம் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய ஒன்று இங்கே இருக்கிறது. துரைக்கும் கணக்கப்பிள்ளைக்கும் எதிரே மறுத்துப் பேசாத வளர்ப்பு நமக்குள் ஊறிக்கிடக்கிறது. அதை மரியாதை என்று சொல்லித்தந்தார்கள். கியூசி மேசையில் அந்த மரியாதையால் நோயாளிக்குக் கேடு வரும். "சேர்" என்று சொல்லிக்கொண்டே மறுக்கலாம். இரண்டும் ஒரே வாக்கியத்தில் இருக்க முடியும்.

எப்படி உள்ளே போவது

இரசாயனவியலைப் பாடமாகக் கொண்ட விஞ்ஞானப் பட்டம் இருந்தால் நேரே விண்ணப்பிக்கலாம். பேராதனை, கொழும்பு, யாழ்ப்பாணம், கிழக்குப் பல்கலைக்கழகங்களில் அந்தப் பட்டம் உண்டு. பதுளை பசறை வீதியில் 2005இல் தொடங்கிய ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகத்தின் தேயிலைத் தொழில்நுட்பப் பட்டதாரிகளும் கியூசி வேலைகளுக்குப் போட்டியிடலாம். நொதியமும் தரக்கட்டுப்பாடும் அவர்களுக்குப் புதிதல்ல. இஸட் புள்ளி கைகொடுக்கவில்லை என்றால் இராஜகிரியவில் உள்ள இலங்கை இரசாயனவியல் நிறுவகத்தைப் பாருங்கள். 1941இல் சங்கமாகத் தொடங்கிய அமைப்பு. 1979 முதல் பட்டத்துக்கு இணையான இரசாயனவியல் பாடநெறியை நடத்தி வருகிறார்கள். ஆய்வுகூடத் தொழில்நுட்ப டிப்ளோமாவும் இருக்கிறது. பாடநெறி ஆங்கிலத்தில். கட்டணமும் கொழும்பில் தங்கும் செலவும் உண்டு, கணக்குப் பார்த்துக்கொண்டு இறங்குங்கள்.

தமிழ் மொழியில் உயர்தரம் செய்தவருக்கு மொழிதான் பெரிய ஏற்றம். எஸ்ஓபி ஆங்கிலத்தில் இருக்கும், தொழிற்சாலைத் தளத்துப் பேச்சு சிங்களத்தில் ஓடும். இலக்கணம் பிறகு வரட்டும். "நவத்தன்ன" என்று யாராவது கத்தினால் கை நிற்க வேண்டும், அவ்வளவுக்காவது சிங்களம் காதில் ஏறியிருக்க வேண்டும்.

இறக்குமதிக் கொம்பனிகளில்தான் வேலை அதிகம். 2015ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்த தேசிய ஔடத ஒழுங்குமுறை அதிகாரசபையில் பொருள்களைப் பதிவு செய்ய ஆவணம் தயாரிப்பது, குளிர்க் களஞ்சியம் 2 முதல் 8 பாகைக்குள் இருக்கிறதா என்று பார்ப்பது, ஆஸ்பத்திரி லெப்புகளில் புது ரீஏஜன்டை ஓட்டிக் காட்டுவது. தயாரிப்பு இல்லைதான், ஆனால் பெட்ச் என்றால் என்ன என்று தெரிந்தவரைத்தான் தேடுவார்கள். அரசாங்கப் பக்கம் பொரளை மருத்துவ ஆராய்ச்சி நிறுவகம், கொழும்பில் கைத்தொழில் தொழில்நுட்ப நிறுவகம், இரத்மலானையில் அரச மருந்துப் பொருள்கள் உற்பத்திக் கூட்டுத்தாபனம் என்று சில கதவுகள் இருக்கின்றன. வீட்டுக்குப் பக்கத்திலேயே அனுபவம் வேண்டுமென்றால் தேயிலை ஆராய்ச்சி நிறுவகத்தின் பசறை நிலையத்தில் பயிற்சி கேட்டுப் பாருங்கள்.

இந்தியாவில் இது பெரிய தொழில். மும்பையில் டிரான்ஸ்ஏசியா, கோவாவில் டியூலிப், டெல்லியில் ஜே. மித்ரா, கேரளத்து எர்ணாகுளம் பக்கம் அகாப்பே, சென்னையில் டிரிவிட்ரொன். ஆனால் இந்திய வேலை விசாவுக்குச் சம்பளக் கீழெல்லை ஒன்று இருக்கிறது, புதுக் கெமிஸ்டின் சம்பளம் அதை எட்டாது. ஆகவே ஏஜென்டு யாராவது "சென்னையில் வேலை எடுத்துத் தாறேன்" என்றால் விசா எந்த வகை என்று முதலில் கேளுங்கள். இந்தியக் கொம்பனிகளால் உங்களுக்கு வேறொரு லாபம் உண்டு. ஒவ்வொரு ரீஏஜன்ட் பெட்டிக்குள்ளும் மடித்து வைத்திருக்கும் விளக்கத்தாள் ஒரு சிறு பாடப்புத்தகம். தத்துவம், செறிவுகள், எல்லை, கணக்கு எல்லாம் அதில் இருக்கும். பதுளை டவுன் லெப்புகளில் கேட்டால் குப்பைக்குப் போகும் தாள்களைத் தருவார்கள். பத்துத் தாளைப் படித்துவிட்டு நேர்முகத்துக்குப் போகிறவர் தனியாகத் தெரிவார்.

இன்னொரு தயாரிப்பும் செய்யலாம், செலவு குறைவு. உங்கள் பழைய பாடசாலையின் இரசாயன ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, அவர் பக்கத்தில் இருக்க, பெனடிக்ட் கரைசலை ஒரு தொழிற்சாலைப் பெட்ச்சைப் போலச் செய்து பாருங்கள். 100 மில்லிலீற்றருக்கு சோடியம் சித்திரேற்று 17.3 கிராம், நீரற்ற சோடியம் காபனேற்று 10 கிராம். இரண்டையும் ஒரு முகவையில் 80 மில்லிலீற்றர் இளஞ்சூட்டுத் தண்ணீரில் கரையுங்கள். நீரேறிய செப்புச் சல்பேற்று 1.73 கிராமை வேறாக 10 மில்லிலீற்றரில் கரையுங்கள். செப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக, கலக்கிக்கொண்டே மற்றதில் ஊற்றுங்கள். மொத்தமாக ஊற்றினால் பச்சை வீழ்படிவு திரளும், பிறகு கரையப் பாடுபட வேண்டும். ஆறியதும் கனமானக் குடுவையில் 100க்கு நிரப்புங்கள். இதையே வெவ்வேறு நாள்களில் மூன்று தடவை செய்து, ஒவ்வொன்றுக்கும் பெட்ச் ரெக்கோட் எழுதி, தெரிந்த செறிவுள்ள குளுக்கோஸ் கரைசல்களோடு சூடாக்கி நிறத்தை ஒப்பிட்டு, வித்தியாசம் வந்தால் ஏன் என்று ஒரு பக்கம் எழுதுங்கள். நேர்முகத்தில் "அனுபவம் இருக்கிறதா?" என்று கேட்கும்போது அந்த மூன்று பைலையும் மேசையில் வையுங்கள். சான்றிதழ்க் கட்டை எல்லாரும் கொண்டுவருவார்கள்.

கேட்கும் கேள்விகள் பெரிதாக மாறுவதில்லை. 0.1 மோலர் பொஸ்பேற்றுத் தாங்கல் 500 மில்லிலீற்றர் எப்படிச் செய்வீர்கள்? பியர்–லம்பேட் விதி எங்கே பொய்க்கும்? தராசு காட்டும் எண் ஆடிக்கொண்டிருந்தால் என்ன செய்வீர்கள்? கடைசிக் கேள்விக்குப் பலர் இயந்திரத்தைக் குறை சொல்கிறார்கள். மேலே மின்விசிறி ஓடுகிறதா, முகவை இன்னும் சூடாக இருக்கிறதா என்று பார்ப்பேன் என்று சொல்கிறவருக்கு வேலை கிடைக்கும்.

நியமனக் கடிதம்

தகுதிகாண் காலம் எத்தனை மாதம், இரவு ஷிஃப்ட் உண்டா, தங்குமிடத்துக்குக் கொடுப்பனவு உண்டா என்று கடிதத்தில் பாருங்கள். ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் சம்பளத்தில் 8 சதவீதமும் கொம்பனி 12 சதவீதமும், ஊழியர் நம்பிக்கை நிதிக்குக் கொம்பனி 3 சதவீதமும் கட்ட வேண்டும். தகுதிகாண் காலத்திலும் கட்ட வேண்டும். அப்பா அம்மாவின் தோட்டத்துக் கணக்கில் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் பொருந்தாமல் அலைந்த குடும்பங்கள் நம்மிடம் நிறைய. உங்கள் பெயர் பிறப்புச் சான்றிதழிலும் அடையாள அட்டையிலும் பட்டச் சான்றிதழிலும் ஒரே எழுத்தில் இருக்கிறதா என்று முதல் மாதமே பார்த்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

சில கொம்பனிகள் வெளிநாட்டுப் பயிற்சி தந்து, அதற்குப் பதிலாக இரண்டு வருடம் வேலை செய்வதாக ஒப்பந்தம் கேட்கும். கேட்பதில் தவறில்லை. இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை எவ்வளவு, மாதங்கள் போகப்போக அது குறையுமா என்பதை எழுத்தில் வாங்குங்கள். அசல் சான்றிதழ்களை வைத்துக்கொள்வோம் என்று சொன்னால், சமாதான நீதவானிடம் உறுதிப்படுத்திய பிரதிகளைக் கொடுத்துவிட்டு அசலை வீட்டுக்கே கொண்டு வந்துவிடுங்கள்.